நேதிக் குவளையின் கதை: ஒரு பிழை திருத்தப் பதிவு

வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேனா பிடித்தவன் நான். லெட்ஜரில் தப்பாக ஒரு பதிவு விழுந்துவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது, மேலே வெள்ளை மை பூசக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தரும் பாடம். தப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கீழே தேதி போட்டு, பிழை திருத்தப் பதிவு ஒன்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்டுரையை அப்படி ஒரு பதிவாக நினைத்துப் படியுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நம் சமுதாயக் கூடத்தில் காலை யோகா வகுப்பு தொடங்கியபோது, ஜலநேதி பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டார்கள். கேஷ் கவுண்டரில் பழைய நோட்டுக் கட்டுகளின் தூசியை வருடக்கணக்காகச் சுவாசித்ததில் எனக்குத் தும்மலும் தலைபாரமும் நிரந்தர டெபாசிட்டாகவே தங்கிவிட்டன. ஒரு நல்ல டாக்டர் சொல்லித்தான் நேதி செய்ய ஆரம்பித்தேன். குணம் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் அன்று கூடத்தில் நான் சொன்னது இது: “தனியாக வெந்நீர் போடும் வேலையெல்லாம் வேண்டாம். கீஸர் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதிலேயே உப்பைப் போட்டுச் செய்யுங்கள்.”

சுலபமான வழி என்று பலரும் பாராட்டினார்கள். சிலர் அந்த வாரமே குவளை வாங்கினார்கள்.

சென்ற மாதம் லிஃப்டில் மூன்றாம் மாடி டீச்சரம்மா கேட்டார்: “சார், கேரளாவில் மூளை தின்னும் அமீபா என்று பேப்பரில் போடுகிறார்களே, அது மூக்கு வழியாகத்தானே போகுமாம்? நீங்கள் கீஸர் தண்ணீர் போதும் என்றீர்களே?” லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. அவர் இறங்கிவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடப் போனதில் இந்தச் சின்னக் குவளையின் சரித்திரமே கைக்கு வந்தது. படித்ததைக் கணக்குப் பிள்ளை மாதிரி மூன்று தலைப்பில் பிரித்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் மூக்கில் எந்த வழியாகப் போகிறது? எவ்வளவு உப்பு? எந்தத் தண்ணீர்? முதல் கேள்விக்கு விடை மிகப் பழையது. இரண்டாவதற்கு விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தது. மூன்றாவதற்கான விடைக்கு மட்டும் மனிதர்கள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நூலில் தொடங்கிய பழக்கம்

நேதிக் குவளையைப் பார்க்காதவர்களுக்கு: குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையையும் மூக்கு வைத்த கிண்டியையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பித்தளை, செம்பு, எவர்சில்வர், பீங்கான், பிளாஸ்டிக் என்று எல்லாவற்றிலும் வருகிறது. வெதுவெதுப்பான உப்பு நீரை அதில் ஊற்றி, வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேலே இருக்கும் நாசியில் குவளையின் மூக்கை வைத்துச் சரித்தால் நீர் மறு நாசி வழியே வெளியே வரும். அந்த நேரம் முழுக்க வாயால் மூச்சு விட வேண்டும். பிறகு பக்கம் மாற்றிச் செய்ய வேண்டும். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, வாரண்டி கார்டு இல்லை.

இது யோக முறை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய நூலைத் திறந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் உடலைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகள் சொல்லப்படுகின்றன. தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்பவை அவை. அதில் நேதி என்பது தண்ணீர் அல்ல, நூல்! ஒரு சாண் நீளமுள்ள வழுவழுப்பான நூலை மூக்கில் நுழைத்து வாய் வழியே எடுக்க வேண்டும் என்கிறது. இன்று சூத்திர நேதி என்று சொல்வது இதைத்தான். நூலுக்குப் பதில் ரப்பர் குழாயைப் பயன்படுத்துபவர்கள் இப்போது உண்டு.

தண்ணீர் எங்கே வருகிறது? அதற்குப் பிறகு வந்த கேரண்ட சம்ஹிதையில் வருகிறது. அங்கேயும் நேதி என்ற பெயரில் இல்லை. கபாலபாதியின் வகைகளாக இரண்டைச் சொல்கிறது. மூக்கால் நீரை உறிஞ்சி வாயால் விடுவது ஒன்று. வாயால் நீரை எடுத்து மூக்கால் விடுவது மற்றொன்று. குவளையைச் சரித்து ஒரு நாசியில் ஊற்றி மறு நாசியில் எடுக்கும், நமக்குப் பழக்கமான முறை இந்த இரண்டு நூல்களின் நேதியில் இல்லை.

நம் சித்த மருத்துவத்திலும் மூக்கு வழி வைத்தியம் உண்டு. அதன் பெயர் நசியம். நோய் அணுகாமல் இருக்கத் தேரையர் சொன்ன விதிகளில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம் செய்துகொள்வதும் இருக்கிறது. ஆனால் நசியம் என்பது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. நேதி கழுவிவிடுவது. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொண்டு எண்ணெயைக் குவளையில் ஊற்றும் விஷப்பரீட்சை வேண்டாம்.

யூடிகோலன் பேராசிரியர்

ஒரு நாசியில் ஊற்றினால் தொண்டைக்குள் இறங்காமல் மறு நாசியில் ஏன் வருகிறது? இதை ஆராய்ச்சியாகப் பார்த்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர். 1847-ல் அவருக்கு வந்த சந்தேகம் மூக்கைக் கழுவுவது பற்றியதே அல்ல. வாசனை என்பது காற்றில் வந்தால்தான் தெரியுமா, திரவமாக மூக்கை நிறைத்தாலும் தெரியுமா என்று பார்க்க விரும்பினார்.

வேறு யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் மூக்கையே சோதனைச் சாலை ஆக்கினார். மல்லாந்து படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, நீரில் யூடிகோலன் கலந்து மூக்கில் ஊற்றச் செய்தார். ஆமாம், நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதே யூடிகோலன்தான். மூக்கு நிறைந்த பிறகு வாசனை தெரியவில்லை. கூடவே வேறொன்றும் தெரிந்தது. வாயால் மூச்சு விடும்போது அண்ணத்தின் பின்பகுதியில் இருக்கும் மெல்லிய சதை மேலே எழும்பி, மூக்குக்கும் தொண்டைக்கும் இடையே கதவு போல அடைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் ஊற்றிய நீர், பின்னால் சுற்றிக்கொண்டு மறு பக்கம் வருகிறது.

யோகா மாஸ்டர் “வாயால் மூச்சு விடுங்க, பேசாதீங்க” என்று கத்துவதன் காரணம் இதுதான். பேசினாலோ விழுங்கினாலோ புரையேறலாம்.

வேபரின் இந்தக் கண்டுபிடிப்பு லண்டனில் ஒரு கருவியாக மாறியது. மாற்றியவர் தூடிகும் என்ற டாக்டர். ஜெர்மனியில் பிறந்து 1853-ல் லண்டனில் குடியேறியவர். மூளையின் ரசாயனத்தை ஆராய்ந்து 1884-ல் பெரிய நூல் எழுதியவரும் இவரே. 1864-ல் இவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மூக்கைக் கழுவும் புதிய முறையை விவரித்தார். உயரத்தில் ஒரு பாத்திரம், அதிலிருந்து ரப்பர் குழாய், அதன் முனையில் நாசிக்குள் பொருந்தும் ஒரு குமிழ். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுவது போலத்தான். காது மூக்கு தொண்டை டாக்டர் நம் மூக்கை விரித்துப் பார்க்கச் சின்ன இடுக்கி மாதிரி ஒன்றை வைத்திருப்பாரே, அதற்கு இன்றும் தூடிகும் பெயர்தான்.

கருவி வேகமாகப் பரவியது. கூடவே குறையும் வெளியே வந்தது. மூக்கிலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. பாத்திரத்தை உயரத்தில் மாட்டினால் நீரின் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் நீர் அந்தக் குழாய்க்குள் ஏறிக் காதில் சீழ் பிடிக்கிறது என்று சில வருடங்களுக்குள்ளாகவே டாக்டர்கள் எச்சரிக்கத் தொடங்கினார்கள். நம் கைக்குவளையில் இந்தத் தொல்லை குறைவு. அதில் நீர்மட்டம் மூக்குக்குச் சில அங்குலம் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் நேதி முடிந்ததும் இரண்டு நாசியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் அதே வேலையை நாமே செய்துகொள்கிறோம். மெதுவாகச் சிந்த வேண்டும்.

எவ்வளவு உப்பு?

கிணற்றில் குதித்து மூக்கில் தண்ணீர் ஏறிய அனுபவம் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. சுருக்கென்று உச்சந்தலை வரை எரியும். ஆனால் அழும்போது கண்ணீர் மூக்கு வழியாகத்தான் வடிகிறது, அது எரிவதில்லை. வித்தியாசம் உப்பில் இருக்கிறது.

நம் உடம்பின் செல்களுக்குள் உப்புக் கரைந்த நீர் இருக்கிறது. வெளியே வெறும் தண்ணீர் பட்டால் அது செல்லுக்குள் புகுந்து அதை வீங்கச் செய்கிறது. வெளியே உப்பு மிக அதிகமானால் செல்லில் இருக்கும் நீர் வெளியேறிச் சுருங்குகிறது. இரண்டும் இல்லாமல், உள்ளும் வெளியும் சமமாக, ‘டாலி’ ஆகும் அளவு ஒன்று உண்டு. நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹார்டோக் ஹாம்பர்கர் 1880-களிலும் 1890-களிலும் இரத்தத்தின் சிவப்பணுக்களை வெவ்வேறு உப்புக் கரைசல்களில் போட்டுப் பார்த்து இதைக் கணக்கிட்டார். மனிதர்களுக்கு அது ஏறத்தாழ 0.9 சதவீதம். ஆஸ்பத்திரியில் நார்மல் சலைன் பாட்டிலைப் பார்த்தால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண் அதுதான். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

நேதிக்கு இதை வீட்டுக் கணக்கில் மாற்றினால், அரை லிட்டர் நீருக்கு 4.5 கிராம். அதாவது சுமார் முக்கால் தேக்கரண்டி. அயோடினும் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் இல்லாத சுத்தமான உப்பாக இருந்தால் உறுத்தல் இருக்காது. மருந்துக் கடைகளில் அளந்து பொட்டலம் போட்டே விற்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்பதற்கு மூக்கே ஆடிட்டர். எரிந்தால் உப்பு கூடவோ குறையவோ இருக்கிறது என்று அர்த்தம்.

உப்பு நீர்க் கதையில் இன்னொருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நார்மல் சலைனுக்குப் பக்கத்திலேயே தொங்கும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் பெயராக இருக்கும் சிட்னி ரிங்கர். லண்டன் டாக்டர். தவளையின் இதயத்தை உடம்பிலிருந்து தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. 1882-ல் கட்டுரையும் வெளியிட்டார். பிறகு திடீரென்று அதே கரைசலில் இதயம் துடிப்பை நிறுத்திக்கொண்டது. தோண்டித் துருவிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. முன்பு கரைசல் தயாரித்தது காய்ச்சி வடித்த நீரில் அல்ல, லண்டன் குழாய்த் தண்ணீரில்! அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்திருக்கிறது.

ரிங்கர் மறைக்கவில்லை. முதல் கட்டுரையில் பயன்படுத்தியது குழாய்த் தண்ணீர் என்பதை 1883-ல் அச்சிலேயே ஒப்புக்கொண்டு, முடிவுகளைத் திருத்தி எழுதினார். அவரும் ஒரு பிழை திருத்தப் பதிவு போட்டார். அந்தத் திருத்தத்தில்தான் பெரிய கண்டுபிடிப்பே இருந்தது. எனக்கு அதில் ஒரு பாடமும் இருந்தது: தண்ணீர் என்று ஒரே பெயரில் சொல்வதெல்லாம் ஒரே தண்ணீர் அல்ல.

ஆசிரமத்திலிருந்து அமெரிக்க டி.வி. வரை

இதற்கிடையில் யோகக் கலை ஆசிரமங்களிலிருந்து வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 1924-ல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமம் நிறுவனத்தைத் தொடங்கி, யோகக் கிரியைகளைச் சோதனைச் சாலையில் வைத்துப் பரிசோதிக்க ஆரம்பித்தார். நம் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தரின் சீடர் சத்தியானந்தர், 1960-களில் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி அமைத்தார். மூக்கு வைத்த செம்பில் உப்பு நீர் ஊற்றிச் செய்யும் ஜலநேதியை வீட்டிலேயே செய்யும்படி எளிமையாக எழுதிப் பரப்பியதில் அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

1970-களில் அமெரிக்காவில் சுவாமி ராமா தொடங்கிய இமாலயன் இன்ஸ்டிடியூட் பீங்கான் குவளைகளைச் செய்து விற்கத் தொடங்கியது. ‘நேதி பாட்’ என்ற பெயர் அங்கே பரவியது. 2002-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக டாக்டர்கள் சைனஸ் தொல்லை உள்ளவர்களை ஆறு மாதம் தினமும் உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்லி, கழுவாதவர்களோடு ஒப்பிட்டார்கள். கழுவியவர்களுக்குத் தொந்தரவும் குறைந்தது, மருந்துத் தேவையும் குறைந்தது. இன்று நாள்பட்ட சைனஸ் நோய்க்கான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்களிலும் உப்பு நீர்க் கழுவுதல் இடம்பெற்றிருக்கிறது. 2007-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் டி.வி. நிகழ்ச்சியில் ஒரு டாக்டர் நேதிக் குவளையைக் காட்டியதும் விற்பனை எகிறியது. மூலை முடுக்கில் இருந்த மருந்துக் கடைகளுக்கெல்லாம் குவளை போய்ச் சேர்ந்தது.

குவளை போனது, உப்புப் பொட்டலமும் போனது. தண்ணீர் மட்டும் அவரவர் வீட்டுக் குழாயில் வந்தது.

எந்தத் தண்ணீர்?

2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஓர் இளைஞரும் 51 வயதுப் பெண்மணி ஒருவரும் சில மாத இடைவெளியில் மூளை அழற்சியில் இறந்துபோனார்கள். இருவரும் ஏரி, குளம் எதிலும் குளித்தவர்கள் அல்ல. விசாரித்தபோது இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேதிக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியிருக்கிறார்கள். இருவர் வீட்டுத் தண்ணீரிலும் ‘நெக்லீரியா ஃபௌலரி’ என்ற அமீபா இருந்தது.

இந்த அமீபாவின் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1965-ல் அடிலெய்டு நகரின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மால்கம் ஃபௌலர், கார்ட்டர் என்ற இருவர், காரணம் தெரியாமல் இறந்த சிலரின் மூளையில் அமீபா இருப்பதைக் கண்டு அறிவித்தார்கள். முதலில் வேறொரு அமீபா என்று நினைத்தார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள். அமீபாவுக்கு ஃபௌலரின் பெயரே வைக்கப்பட்டது.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். தெற்கு ஆஸ்திரேலியாவின் சில வறண்ட ஊர்களுக்கு முர்ரே ஆற்றுத் தண்ணீர், 350 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான குழாயில் வருகிறது. குழாயின் பெரும்பகுதி பூமிக்கு மேலே வெயிலில் கிடக்கிறது. தண்ணீர் சூடாகிச் சூடாகி, போட்ட குளோரினும் வழியிலேயே தீர்ந்துபோய், அமீபா வளர ஏற்ற இடமாகிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்ததால் யாரும் சாகவில்லை. வயிற்றுக்குள் போனால் இந்த அமீபா ஒன்றும் செய்யாது. குளிக்கும்போதும் விளையாடும்போதும் மூக்கில் ஏறியதுதான் ஆபத்தானது. மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நேராக மூளைக்குப் போய்விடுகிறது. குழாய் நெடுகக் கிருமிநாசினி குறையாமல் பார்த்துக்கொண்ட பிறகு அங்கே நோய் அடங்கியது.

கராச்சி நகரில் 2008 முதல் இந்த நோயால் பலர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் நீச்சல் பக்கமே போகாதவர்கள். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும்போது மூக்கிலும் நீரை உறிஞ்சிச் சுத்தம் செய்வது அவர்கள் வழக்கம். வீட்டுத் தொட்டித் தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கிறது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக் காய்ச்சல் பலருக்கு வந்ததை நாம் செய்தியில் படித்தோம். கிணறுகளில் குளோரின் போடவும் தொட்டிகளைக் கழுவவும் அந்த அரசு 2025-ல் ஓர் இயக்கமே நடத்தியது.

யாரும் பயந்துவிட வேண்டாம். இது மிக மிக அபூர்வமான நோய். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர் மிகக் குறைவு. வங்கியில் ரிஸ்க் பற்றிச் சொல்லித் தருவார்கள்: நடக்க வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, நடந்தால் நஷ்டம் எவ்வளவு என்பதையும் பார். இங்கே நஷ்டம் ஓர் உயிர். தவிர்க்க ஆகும் செலவு, கேஸ் அடுப்பில் ஐந்து நிமிடம்.

நம் மொட்டை மாடியில்

இப்போது என் தப்பு எங்கே இருந்தது என்று பார்ப்போம்.

நம் கட்டிடத்துக்குக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் என்று மூன்றும் வந்து ஒரே சம்ப்பில் கலக்கின்றன. அங்கிருந்து மோட்டார் மூலம் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் நீளவாக்கில் கிடந்த குழாயை நாம் மாடியில் தொட்டியாக நிறுத்தி வைத்திருக்கிறோம். நெக்லீரியா இதமான சூட்டை விரும்பும் ஜீவன். 46 டிகிரி வரை தாங்கி வளரும். கீஸருக்குள்ளும் இந்த அமீபா வளரலாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. கீஸர் தண்ணீரைச் சுடவைக்கிறது, கொதிக்க வைப்பதில்லை. வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நான் சிபாரிசு செய்தது இந்தத் தண்ணீரைத்தான்.

உப்புப் போடுகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. மூக்குக்கு எரியாத அளவு உப்பு அமீபாவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. லூசியானாவில் இறந்தவர்கள் போட்டதும் உப்பு நீர்தான்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர்? இதையும் பலர் கேட்கிறார்கள். ஆர்.ஓ. சவ்வு அமீபாவை வடிகட்டக் கூடியதுதான். ஆனால் வடிகட்டிய நீர் அதன் பிறகு கருவிக்குள் இருக்கும் சேமிப்புத் தொட்டியில் தங்கி, பிளாஸ்டிக் குழாய் வழியே வருகிறது. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தோம் என்பது நம் மனசாட்சிக்குத்தான் தெரியும். குடிக்க அது போதும். மூக்குக்கு அதையும் கொதிக்க வைத்துவிடுவதே நல்லது. கேன் தண்ணீருக்கும் இதே பதில்.

ஆகவே, திருத்திய பதிவு இதோ:

நேதிக்கான தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகு 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். மூடி வைத்து, தானாகவே வெதுவெதுப்புக்கு ஆற விட வேண்டும். அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினால் கொதிக்க வைத்ததே வீண். இரவே கொதிக்க வைத்து மூடி வைத்தால் காலையில் சூடு பார்த்துப் பயன்படுத்தலாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். காலையில் லேசாகச் சூடேற்றிக்கொள்ளலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீரும் சரிதான்.

குவளையை ஒவ்வொரு முறையும் கழுவி, கொதித்து ஆறிய நீரால் கடைசியாக அலசி, கவிழ்த்து வைத்து நன்றாக உலர விட வேண்டும். ஒருவர் குவளையை மற்றவர் உபயோகிக்க வேண்டாம். குழந்தைகளுக்கும், காதில் தொந்தரவு உள்ளவர்களுக்கும், மூக்கில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இன்னொன்று சங்கத்துக்கான வேண்டுகோள். சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவுவது ஒவ்வொரு வருடமும் பொதுக்குழுவில் ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போகிறது. பணம் பிடிக்கிறது என்பதுதான் காரணம். நானும் அப்படிக் கை தூக்கியவன்தான், மறுக்கவில்லை. வெயில் தொடங்குவதற்கு முன்பே தொட்டி கழுவும் வேலை முடிந்து, குளோரின் அளவையும் பார்த்து, தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று இந்த முறை நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆதரிக்க வேண்டுகிறேன்.

என் வீட்டில் இப்போது ராத்திரி பால் காய்ச்சி முடித்ததும் அடுத்து ஏறுவது நேதித் தண்ணீர்ப் பாத்திரம். “இத்தனை வருஷம் கீஸர் தண்ணீரில் செய்தீர்களே, அப்போது மட்டும் பயமாக இல்லையா?” என்று கேட்டாள் என் மனைவி. தெரியாததால் பயமில்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தின் மேல் தட்டை எடுத்து மூடினாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு கூடத்தில் என் பேச்சைக் கேட்டவர்களில் சிலர் வீடு மாறிப் போய்விட்டார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் எண் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். மூன்றாம் மாடி டீச்சரம்மாவுக்கு லிஃப்டில் சொல்ல முடியாமல் போன பதில் இதுதான்: நான் சொன்னது தப்பு. கேட்டதற்கு நன்றி அம்மா.